பிழிந்த கைகளும் பருகிய உதடுகளும்

திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், பீடச் சிறுவன் ஒருவன் நம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்பினான். கிண்ணத்தில் ஊற்றிய இரசம் அன்று சிவப்பாக இல்லை. வெளிறிய பொன் நிறத்தில் இருந்தது. "இரத்தம் சிவப்புத்தானே சாமி, இது ஏன் வெள்ளையாக இருக்கிறது?" என்று அவன் கேட்டான்.

இக்கேள்விக்கு விடை கூறுவது எளிது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 924-ஆம் எண்ணில், நற்கருணைக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயல்பாகப் பெறப்பட்டதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. நிறத்தைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மேலை நாடுகளின் ஆலயங்களில் வெள்ளை இரசமே மிகுதியாக வழங்கி வந்ததற்குப் பீடத்துகிலில் கறை படியாது என்ற நடைமுறைக் காரணமும் உண்டு. அருளடையாளம் நிறத்தில் இல்லை. ஆண்டவருடைய சொல்லில் இருக்கிறது. இவ்வாறு சொல்லிச் சிறுவனை அனுப்ப முயன்றோம். அவனோ, "இதை யார் சாமி செய்கிறார்கள்?" என்று மறுபடியும் கேட்டான். "யாரோ தோட்டக்காரர்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

அந்த விடை நமக்கே நிறைவு தரவில்லை. காணிக்கை மன்றாட்டில், கொடியின் கனியோடு மனிதக் கைகளின் உழைப்பையும் சேர்த்தே நாம் இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கிறோம். அக்கைகள் யாருடையவை? அவற்றுக்கு அக்கிண்ணத்தில் என்ன பங்கு இருந்தது? இக்கேள்வியோடு வரலாற்று ஏடுகளைப் புரட்டியபோது, ஆல்ப்ஸ் மலையின் ஒரு பள்ளத்தாக்கு நம்மை நிறுத்தி வைத்தது. வெள்ளைத் திராட்சை இரசத்துக்குப் பெயர் பெற்ற இடம் அது. ஆனால் அங்கே நாம் கண்டது இரசத்தின் சுவையை அன்று. கிண்ணம் யாருக்கு உரியது என்ற பழைய வழக்கையே கண்டோம்.

பள்ளத்தாக்கும் அதன் கொடிகளும்

இத்தாலி நாட்டின் வட எல்லையில், ஆஸ்திரியாவை ஒட்டிக் கிடப்பது தென் திரோல் என்னும் மலைநாடு. சுமார் 1,370 மீட்டர் உயரமுள்ள பிரென்னர் கணவாயின் அருகே தோன்றித் தெற்கு நோக்கி ஓடிவரும் ஆறு ஒன்றைச் செருமானிய மொழியினர் ஐசாக் என்பர். இத்தாலியர் இசார்கோ என்பர். நம் விவிலியத்தின் ஈசாக்குக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. இந்த ஆறு போல்சானோ நகருக்குத் தெற்கே ஆதிஜே ஆற்றோடு கலக்கிறது. ஆதிஜே மேலும் தெற்கே சென்று, பொதுச்சங்கத்தால் புகழ்பெற்ற திரெந்து நகரைத் தொட்டுச் செல்கிறது. இந்நீர்வழியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நம் வரலாறு முழுவதும் இந்த ஆற்றின் கரையிலேயே நடக்கிறது.

ஐசாக் பள்ளத்தாக்கில் திராட்சை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 முதல் 900 மீட்டர் உயரத்தில், செங்குத்தான மலைச் சரிவுகளில் விளைகிறது. சிதைந்த பாறைத் துகள்களும் பண்டைய பனியாறுகள் விட்டுச் சென்ற சரளையும் கலந்த மண் அது. பகலில் வெயில் கனியை இனிப்பாக்கும். இரவில் மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்று அதன் புளிப்பைக் காத்துவைக்கும். இவ்விரண்டும் ஒத்திருப்பதாலேயே இங்கு விளையும் வெள்ளை இரசம் தெளிவும் துடிப்பும் உடையதாக இருக்கிறது. சிவப்பு இரசத்துக்குக் கனியின் தோல் சாற்றிலேயே ஊறவேண்டும். நிறம் தோலிலிருந்துதான் வருகிறது. வெள்ளை இரசத்துக்கோ பறித்த கனியை விரைவில் பிழிந்து, தோலை நீக்கி, சாற்றை மட்டும் தனியே புளிக்க விடுவார்கள்.

சரிவில் மண் நிற்பதற்காகச் சுண்ணச் சாந்து எதுவும் இன்றிக் கல்மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாக நிலத்தைத் திருத்தியிருக்கிறார்கள். மழையில் கல் சரிந்தால் மீண்டும் அடுக்க வேண்டும். அடித்துச் செல்லப்பட்ட மண்ணைக் கூடையில் வாரி முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்து கொட்ட வேண்டும். இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளில் வழங்கும் இந்தக் கல்லடுக்குக் கலையை 2018-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மானிடப் பண்பாட்டு மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. கவாத்து செய்வதும் கொடியைக் கட்டுவதும் கனி பறிப்பதும் அச்சரிவில் பெரும்பாலும் கையாலேயே நடக்கின்றன. மனிதக் கைகளின் உழைப்பு என்று நாம் மன்றாடுவது அங்கே வெறும் உருவகம் அன்று.

பீடம் கேட்ட இரசம்

ஆல்ப்ஸ் மலைவாழ் மக்கள் இரசத்தை மரப் பாத்திரங்களில் சேமித்ததை உரோமை எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். ரேத்தியா எனப்பட்ட இந்நிலப்பரப்பின் இரசத்தை அகுஸ்து பேரரசர் பெரிதும் விரும்பினார் என்று சுவெத்தோனியுசு எழுதியுள்ளார். ஆயினும் இம்மலைநாட்டில் திராட்சையை நூற்றாண்டு நூற்றாண்டாகக் காத்து வளர்த்ததில் திருச்சபையின் தேவைக்குப் பெரும்பங்கு உண்டு.

கிளவுசன் என்னும் சிற்றூரின் மேலே எழும் சேபன் பாறையில் 6-ஆம் நூற்றாண்டிலேயே ஆயர் ஒருவரின் இருக்கை இருந்தது. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பள்ளத்தாக்கின் மேற்பகுதியிலுள்ள பிரிக்சன் நகருக்கு மாறியது. காலப்போக்கில் பிரிக்சன் ஆயர்கள் ஆன்மிக மேய்ப்பர்களாக மட்டுமின்றி அந்நிலத்தை ஆளும் சிற்றரசர்களாகவும் ஆயினர். ஒரே கையில் செங்கோலும் மேய்ப்புக்கோலும் இருந்தன. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

பீடம் இருக்குமிடத்தில் இரசம் வேண்டும். குளிர்மிகுந்த வட நாடுகளில் திராட்சை எளிதில் விளையாது. ஆகவே பவேரியாவின் துறவு மடங்கள் பல, மலைக்குத் தெற்கே போல்சானோ சுற்றுவட்டாரத்தில் திராட்சைத் தோட்டங்களைத் தமக்கென வைத்திருந்தன. பீப்பாய்கள் கணவாய் கடந்து வடக்கே சென்றன. திருப்பலிக்கு மட்டுமன்று, நோயாளருக்கும் விருந்தினருக்கும் திருப்பயணிகளுக்கும் இரசம் தேவைப்பட்டது. அக்காலத்தில் அது உணவின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

இப்பின்னணியில்தான் 1142-ஆம் ஆண்டில், பிரிக்சன் நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், அருளாளர் ஹார்ட்மன் என்னும் ஆயர் ஒரு மடத்தை நிறுவினார். அவர் அதற்கு முன் ஆஸ்திரியாவின் குளோஸ்டர்நொய்புர்க் மடத்தின் தலைவராயிருந்தவர். சேபன் கோட்டையின் ரெகின்பெர்ட் என்பவரும் அவர்தம் மனைவி கிறிஸ்தினாவும் மடத்துக்கு நிலம் அளித்தனர். புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றிப் பொதுவாழ்வு வாழும் குருக்கள் அங்கே குடியேறினர். புதிய நிறுவனம் என்ற பொருளில் செருமானிய மொழியில் நொய்ஸ்டிப்ட் என்றும், இத்தாலிய மொழியில் நோவாசெல்லா என்றும் அதற்குப் பெயர். 1190-இல் தீக்கிரையாகி மீண்டும் எழுந்தது. மலை கடந்து உரோமைக்கும் திருநாட்டுக்கும் செல்லும் பயணிகளுக்கு அது தங்கும் விடுதியாயிற்று, சுற்றுப்புறப் பங்குகளுக்குக் குருக்களைத் தந்தது, பள்ளி நடத்தியது, நூல்களைப் படியெடுத்தது.

இவையெல்லாம் போற்றத்தக்க பணிகள். ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. குருக்கள் வேளை தவறாது இறைபுகழ் பாடினர். சரிவில் கல் அடுக்கியவர்கள் பெரும்பாலும் மடத்தின் நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடியானவர்களே. அறுவடைக் காலத்தில் பிழிந்த சாற்றில் ஒரு பங்கு நிலவுடைமையாளருக்குச் சென்றது. தசமபாகம் தனி. ஆயருக்கும் அரசுக்கும் செலுத்தவேண்டிய வரிகள் வேறு. ஆலையில் சாறு வழியும்போதே அது யாருடையது என்பதைப் பதிவேடு முன்னதாகவே எழுதி வைத்திருந்தது.

1525: பதிவேடு எரிந்த ஆண்டு

அப்பதிவேட்டின் கணக்கு ஒருநாள் தீர்க்கப்பட்டது. செருமனி நாடெங்கும் குடியானவர் கிளர்ச்சி பரவிய 1525-ஆம் ஆண்டின் மே மாதத் தொடக்கத்தில், பிரிக்சன் நகரில் மரணதண்டனைக்கு இட்டுச் செல்லப்பட்ட பீட்டர் பாஸ்லர் என்பவரைக் குடியானவர்கள் விடுவித்தனர். மே 12-ஆம் நாள் திரளான மக்கள் நோவாசெல்லா மடத்துக்குள் புகுந்தனர். களஞ்சியமும் நிலவறையும் சூறையாடப்பட்டன. கடன்களும் கடமைகளும் எழுதப்பட்டிருந்த ஏடுகள் அழிக்கப்பட்டன. மடத்தின் நீதி அலுவலராயிருந்த ஜார்ஜ் கிர்ச்மைர் என்பவர் இந்நிகழ்ச்சிகளைத் தம் நினைவுக் குறிப்புகளில் மிகுந்த துயரத்தோடு பதிவு செய்திருக்கிறார்.

மறுநாள் கிளர்ச்சியாளர் தங்களுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது யாரை? பிரிக்சன் ஆயரின் செயலராகவே பணியாற்றிய மிக்கேல் கைஸ்மைர் என்பவரை. அதிகாரத்தின் உள்ளறையில் அமர்ந்து மக்களின் முறையீடுகளைக் கண்டவர் அவர். 1526-இல் அவர் வரைந்த நாட்டு ஒழுங்குத் திட்டத்தில், மடங்களை ஏழைகளின் இல்லங்களாகவும் மருத்துவ மனைகளாகவும் மாற்றவேண்டும், ஆதிஜே ஆற்றோரச் சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலம் ஆக்கவேண்டும் என்பன போன்ற கருத்துகள் இருந்தன. திருப்பலிக் கிண்ணங்களையே உருக்கிக் காசாக்கவும் அத்திட்டம் கூறியது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. கைஸ்மைர் தப்பியோடி, 1532-இல் பதுவை நகரில் கொலையுண்டார்.

கிண்ணத்தை உருக்கச் சொன்னவரை நாம் ஆதரிக்க இயலாது. புனிதமானவற்றைச் சூறையாடியதை நியாயப்படுத்தவும் இயலாது. ஆனால் குருவாகிய நாம் இவ்வரலாற்றைப் படிக்கையில் மனம் உறுத்துகிறது. எசாயா இறைவாக்கினரின் திராட்சைத் தோட்டப் பாடலில், நீதியை எதிர்பார்த்த உடையவருக்குக் கிடைத்தது முறைப்பாடே அல்லவா? நாபோத்தின் சிறு தோட்டத்துக்காகக் கேள்வி கேட்கப்பட்டவன் அரசன் அல்லவா? நோவாசெல்லாவின் நிலவறைக் கதவை உடைத்தவர்கள் அயலாரோ வேற்று மதத்தினரோ அல்லர். அம்மடத்தின் மணியோசை கேட்டு வளர்ந்தவர்கள். அதன் குருக்களிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள். அந்நிலவறையிலிருந்த இரசத்தைத் தங்கள் கைகளால் பிழிந்தவர்கள். அவர்கள் உடைத்தது தங்கள் உழைப்பின் மீது பூட்டப்பட்ட கதவு என்று எண்ணியிருப்பார்கள். மேய்ப்புக்கோல் எது, செங்கோல் எது என்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. பிரித்துக் காட்டவேண்டியவர்கள் அதைச் செய்யவில்லை என்பதே உண்மை.

திரெந்தில் எழுந்த கேள்வி

உழைத்த கைகளுக்குக் கிண்ணத்தில் என்ன பங்கு என்று கேட்டோம். இக்கேள்விக்கு அக்காலத்தில் நேர்ப்பொருளும் இருந்தது. தொடக்க நூற்றாண்டுகளில் இறைமக்கள் அனைவரும் அப்பத்தையும் இரசத்தையும் உட்கொண்டனர். இலத்தீன் வழிபாட்டில் இவ்வழக்கம் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து சிறிது சிறிதாக மறையத் தொடங்கியது. அதாவது, நோவாசெல்லா மடம் நிறுவப்பட்ட அதே நூற்றாண்டில்! திரு இரத்தம் சிந்திவிடுமோ என்ற அச்சமும் வணக்கமுமே முதன்மையான காரணங்கள். 1415-இல் கொன்ஸ்தான்சு பொதுச்சங்கம் அதைச் சட்டமாக்கியது. பொகேமியா நாட்டில் கிண்ணம் கேட்டவர்களுக்கும் மறுத்தவர்களுக்கும் இடையே போரே மூண்டது. எனவே திராட்சைச் சரிவில் பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே இறந்த ஒரு குடியானவர், தாம் பிழிந்த இரசம் ஆண்டவரின் திரு இரத்தமாக உயர்த்தப்படுவதைக் கண்ணால் கண்டார், உதட்டால் தொடவில்லை.

இங்கே மறைக்கல்வி ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். அப்ப வடிவில் மட்டுமே உட்கொள்பவரும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறார்; உடலும் இரத்தமும் ஆன்மாவும் இறைமையும் பிரிவதில்லை. இது நம் உறுதியான விசுவாசம். ஆகவே கிண்ணம் பெறாத அக்குடியானவர் குறைவாக எதையும் பெறவில்லை. எனினும் அருளடையாளம் என்பது அடையாளமும் ஆகும். விருந்து என்று சொல்லிக் கிண்ணத்தைப் பகிராதபோது அடையாளம் சற்று மங்குகிறது என்பதை அன்றே பலர் உணர்ந்தனர்.

ஐசாக் ஆறு கலக்கும் ஆதிஜே நதியின் கரையில், 1545-ஆம் ஆண்டு டிசம்பர் 13-இல் திரெந்து பொதுச்சங்கம் கூடியது. அதற்கு இடமளித்து விருந்தோம்பிய கர்தினால் கிறிஸ்தோபர் மத்ருத்சோ, அதே வேளையில் பிரிக்சன் மறைமாவட்டத்தின் நிர்வாகியுமாவார். சங்கம் இடையிடையே நின்று தொடர்ந்தது. 1562-இல் பேரரசர் முதலாம் பெர்டினாந்தும் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட்டும் தங்கள் தூதர் வாயிலாகப் பொதுநிலையினருக்குக் கிண்ணத்தைத் தரும்படி சங்கத் தந்தையரை வேண்டினர். ஜூலை 16-ஆம் நாள் அமர்வில் சங்கம் மேற்சொன்ன விசுவாசத்தை வரையறுத்தது. கிண்ணத்தைத் தருவதா என்ற நடைமுறைக் கேள்வியைச் செப்டம்பர் 17-ஆம் நாள் திருத்தந்தையின் முடிவுக்கு விட்டுவிட்டது. 1564-இல் திருத்தந்தை நான்காம் பத்திநாதர் செருமானிய நாடுகளின் சில மறைமாநிலங்களுக்கு அனுமதி அளித்தார். ஆனால் பவேரியாவில் 1571-லும் ஆஸ்திரியாவில் 1584-லும் அது முடிவுக்கு வந்தது.

அந்தச் செப்டம்பர் 17-ஆம் நாளில் மற்றொன்றும் நடந்தது. அதே அமர்வில்தான் திருப்பலியைக் குறித்த கொள்கை விளக்கமும் வெளியாயிற்று. இரசத்தில் சிறிது தண்ணீர் கலக்கும் வழக்கத்தைச் சங்கம் அங்கே விளக்குகிறது. அத்தண்ணீர் மக்களைக் குறிக்கிறது. தலைவராகிய கிறிஸ்துவோடு இறைமக்கள் ஒன்றாவதை அக்கலப்பு காட்டுகிறது என்பது அதன் கருத்து. 3-ஆம் நூற்றாண்டில் புனித சிப்ரியானும் இதையே கற்பித்தார். கிண்ணத்தை மக்களுக்குத் தருவதா என்று முடிவெடுக்க இயலாத அதே நாளில், மக்கள் ஏற்கனவே கிண்ணத்துக்குள் இருக்கிறார்கள் என்று சங்கம் அறிக்கையிட்டது! இதைப் படித்தபோது நாம் ஏட்டை மூடிவைத்துச் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். ஒவ்வொரு நாளும் நாமே அத்துளியை ஊற்றுகிறோம். எத்தனை நாள் அதைக் கவனித்து ஊற்றியிருக்கிறோம்?

இழந்ததும் பெற்றதும்

நெப்போலியன் காலத்தில் திரோல் நாடு பவேரிய அரசின் கீழ் வந்தது. 1807-இல் அவ்வரசு நோவாசெல்லா மடத்தைக் கலைத்தது. மிக்கேல் பாஹர் என்னும் ஓவியர் 15-ஆம் நூற்றாண்டில் அம்மடத்துக்காகத் தீட்டிய திருச்சபைத் தந்தையர் பீட ஓவியம் மியூனிக் நகருக்குச் சென்றது. இன்றும் அங்கேதான் உள்ளது. ஆதிஜே கரையிலிருந்த சான் மிக்கேலே என்ற அகுஸ்தீனார் மடமும் அக்காலத்தில் மூடப்பட்டது; 1874-இல் அதே கட்டடத்தில் வேளாண் பள்ளி தொடங்கியது. திராட்சைக் கல்வியில் அது இன்றளவும் பெயர் பெற்று விளங்குகிறது. நோவாசெல்லாவைப் பேரரசர் முதலாம் பிரான்சிஸ் 1816-இல் மீண்டும் நிலைநாட்டினார். திரும்பி வந்த மடம் பழைய ஆட்சியுரிமையோடு வரவில்லை. பள்ளியும் பங்குப்பணியும் திராட்சைத் தோட்டமுமே அதன் வாழ்வாதாரமாயின. செங்கோலை இழந்ததனால் மேய்ப்புக்கோல் இலேசாயிற்று என்று நாம் கருதுகிறோம்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலைகளைச் சாம்பல் பூசணமும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேர்களைப் பிலொக்சரா எனும் பூச்சியும் தாக்கின. அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டியே தோட்டங்களை மீட்க முடிந்தது. அக்காலத்தையொட்டி ஐசாக் பள்ளத்தாக்கில் வேரூன்றியதே சில்வானர் என்னும் வெள்ளைத் திராட்சை. 1882-இல் ஹெர்மன் முல்லர் உருவாக்கிய முல்லர் துர்காவ், 1929-இல் செருமனியின் வைன்ஸ்பெர்க் நகரில் சிவப்புத் திராட்சை ஒன்றையும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையையும் இணைத்துப் பெற்ற கெர்னர் ஆகியவையும் பின்னர் வந்தன. சிவப்புக் கொடிக்கும் வெள்ளைக் கொடிக்கும் பிறந்த கெர்னர், வெள்ளைக் கனியே தருகிறது. நோவாசெல்லா மடத்தின் நிலவறையிலிருந்து இவ்விரசங்கள் இன்றும் வெளிவருகின்றன.

மற்றொரு மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் உரிமையைப்பற்றி 1891-இல் சுற்றுமடல் எழுதினார். அடுத்த ஈராண்டில், 1893-இல், தென் திரோலின் அந்திரியான் என்ற ஊரில் திராட்சை பயிரிடுவோரின் கூட்டுறவு நிலவறை தொடங்கியது. ஐசாக் பள்ளத்தாக்கின் குடியானவர்கள் 1961-இல் கிளவுசனில் தங்கள் கூட்டுறவை அமைத்தனர். சிறு துண்டு நிலம் உடையவரும் தம் கனியைப் பொது நிலவறைக்குக் கொண்டுவந்து பங்கு பெறலாயினர். 1525-இல் கதவை உடைத்து நுழைந்தவர்களின் வழிவந்தோர், இப்போது தங்கள் சொந்தச் சாவியால் கதவைத் திறந்தனர்.

கிண்ணத்தின் மற்றொரு பொருள்

இவ்வரலாற்றை இங்கேயே முடித்தால் உரிமையின் கதையாக மட்டும் நின்றுவிடும். ஆண்டவர் கிண்ணத்தைப்பற்றிப் பேசும்போது உரிமையை மட்டும் பேசவில்லை. வலப்புறமும் இடப்புறமும் அமர விரும்பிய செபதேயுவின் மக்களிடம், தாம் பருகும் கிண்ணத்தில் பருக அவர்களால் இயலுமா என்றே கேட்டார்.

ஐசாக் ஆறு போல்சானோவை அடையும் இடத்தில் திராட்சை பயிரிடும் குடும்பம் ஒன்றில், 1910-ஆம் ஆண்டு டிசம்பர் 27-இல் பிறந்தவர் யோசேப்பு மைர் நுசர். அவர் குருவல்லர், துறவியுமல்லர்; வணிக நிறுவனத்தில் காசாளர். கத்தோலிக்க இளைஞர்க்கு வழிகாட்டியவர். வின்சென்ட் தே பவுல் சபையில் ஏழைகளைத் தேடிச் சென்றவர். 1939-இல் முசோலினியும் ஹிட்லரும் செய்துகொண்ட உடன்பாட்டால், தென் திரோலின் செருமானிய மொழியினர் செருமானிய நாட்டுக்குக் குடிபெயர்வதா, சொந்த மண்ணில் தங்குவதா என்று தேர்ந்தெடுக்கும் கட்டாயம் வந்தது. பெரும்பாலோர் செல்வதாக எழுதிக் கொடுத்தபோது, தங்குவோம் என்ற சிறுபான்மையினரோடு இவர் நின்றார். 1944-இல் அவரைக் கட்டாயமாக எஸ்.எஸ். படைக்கு இழுத்துச் சென்றனர். அக்டோபர் மாதத்தில், ஹிட்லருக்கு உறுதிமொழி எடுக்கவேண்டிய வேளை வந்தது. தம் விசுவாசத்தின் பொருட்டு அதை எடுக்க இயலாது என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். வீட்டில் இளம் மனைவியும் சிறு குழந்தையும் இருந்தனர். தாக்கௌ வதை முகாமுக்குக் கொண்டுசெல்லும் வழியில், எர்லாங்கன் நகரில், 1945 பிப்ரவரி 24-ஆம் நாள் பசியாலும் நோயாலும் இரயில் பெட்டியிலேயே உயிர் துறந்தார். 2017-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் போல்சானோ நகரில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 55-ஆம் எண்ணில், பொதுநிலையினர் கிண்ணத்திலும் பங்குபெற மீண்டும் வாயில் திறந்தது. மைர் நுசர் வளர்ந்த காலத்தில் அவ்வாயில் திறக்கவில்லை. பீடத்தின் கிண்ணத்தைப் பருகும் வாய்ப்பு அவருக்கு இல்லை. ஆனால் செபதேயுவின் மக்களிடம் கேட்கப்பட்ட கிண்ணத்தை அவர் கடைசித் துளிவரை பருகினார். பிழிந்த கைகளின் வழிவந்த ஒருவர், பிழியப்பட்ட கனியாகவே ஆனார். பொதுநிலையினரின் குருத்துவம் என்று சங்கம் சொன்னது என்ன என்பதை அவருடைய மரணத்தைக் காட்டிலும் தெளிவாக விளக்க நம்மிடம் சொற்கள் இல்லை.

வாசகர்களே, ஆண்டவரின் நாளில் நீங்கள் திருப்பலிக்கு வருகிறீர்கள். காணிக்கைப் பவனியில் உங்களுள் ஒருவர் இரசக் குப்பியையும் நீர்க்குப்பியையும் ஏந்தி வந்து எங்களிடம் தருகிறார். குருக்களாகிய நாங்கள் அவற்றைப் பெற்றுக்கொள்கிறோம்; நாங்கள் விளைவித்தவை அல்ல அவை. கல்லடுக்கியவரின் முதுகும், கவாத்து செய்தவரின் விரலும், கூடை சுமந்தவரின் தோளும் அந்தச் சிறு குப்பிக்குள் இருக்கின்றன. நியாயமான கூலி பெறாத கை ஏதேனும் அதில் இருக்குமானால், அதற்கான முறையீடும் அங்கேயே இருக்கிறது; அதை இறைவன் கேட்கிறார் என்ற அச்சம் எங்களுக்கு வேண்டும். பின்னர் ஒரு துளி நீர் விழுகிறது. இரசத்திலிருந்து அந்தத் துளியை இனி எவராலும் பிரித்தெடுக்க முடியாது.

அந்தப் பீடச் சிறுவனை மறுவாரம் அழைத்தோம். கிண்ணத்தின் அருகில் நிறுத்தி, நீர்க்குப்பியை அவன் கையில் கொடுத்தோம். "இதை யார் செய்கிறார்கள் என்று கேட்டாய் அல்லவா? திராட்சையைப் பிழிந்தவர்கள் தொலைவில் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் செபிப்போம். இந்தத் துளி அவர்கள்தான். நீயும்தான்" என்றோம். அவன் குப்பியை நம்மிடம் நீட்டியபோது, வழக்கத்தைவிடச் சற்று மெதுவாக நீட்டினான். நாமும் அத்துளியை மெதுவாகவே ஊற்றினோம்.